மேராபு கொண்டுவந்த பிராது

— திரும்பிப் போ, திரும்பிப் போன்னு சொல்லிக்கிட்டே இருந்தா எப்படிங்க ஐயா? ஊர்வாசல்ல உக்காந்து நியாயம் சொல்றவர் நீங்க. பிராதோட வந்திருக்கேன். கேட்டுத்தான் ஆகணும்.

— பாரு மேராபு, விடிஞ்சதுல இருந்து இந்தக் கல்லு மேலயே உக்காந்திருக்கேன். எவன் மாடோ எவன் மாட்டையோ முட்டிடுச்சாம், அதைத் தீர்க்கவே வெயில் ஏறிடுச்சு. இடுப்பு விட்டுப்போச்சு. இப்ப நீ வந்து பெத்த பிள்ளையைப் பத்தி அந்த வார்த்தையைச் சொல்ற.

— சட்டத்துல எப்படிச் சொல்லணும்னு இருக்கோ அப்படித்தான் சொன்னேன். என் மகன் சல்லூம் அடங்காதவன். சொன்ன பேச்சு கேக்கமாட்டான். பெருந்தீனிக்காரன், குடிகாரன்.

— மெதுவாச் சொல்லு தாயி. அந்த வார்த்தைக்கு முடிவு என்னன்னு தெரியுமில்ல?

— தெரியும். ஊர் ஆம்பளைங்க எல்லாம் கல்லெடுப்பாங்க.

— எல்லாரும்னா யாரு? அவன்கூட ஓடைக்கரையில ஆடு மேய்ச்சவங்க. பொறந்த எட்டாம் நாள் அவனுக்கு விருத்தசேதனச் சடங்கு ஆன அன்னிக்கு உன் வீட்டு முற்றத்துல ஆட்டுக்கறி தின்ன இந்த அசாயா, நான். இந்தக் கையாலதான் நான் எடுக்கணும். அதை யோசிச்சியா நீ?

— யோசிக்கிறதுக்கும் தெம்பு வேணும் ஐயா. என்கிட்ட அது இல்ல.

— சரி உக்காரு. அப்படி என்னதான் தின்னான்?

— பண்டிகைக்குன்னு கட்டி வளர்த்த கடாவை, நாங்க வயக்காட்டுல இருந்தப்ப அறுத்துட்டான். அவனும் கூட்டாளிங்களும் பாதியை நெருப்புல போட்டுச் சுட்டு, பாதியைச் சரியாச் சுடாமலேயும் தின்னாங்க. வத்தல் திராட்சை அடைகளை ஒண்ணு விடாம முடிச்சான்.

— கறியை ரத்தத்தோட தின்னானா?

— இல்ல. ரத்தத்தைத் தரையில வடியவிட்டு மண்ணைப் போட்டு மூடினான். அந்தப் பயம் இருக்கு.

— ஆலயத்துக்குன்னு எடுத்து வச்ச முதற்பலன்ல கை வச்சானா?

— இல்ல.

— உன்னைக் கை நீட்டி அடிச்சானா?

— கிண்ணத்தைப் பிடிக்கவே கை நடுங்குது. அவன் யாரை அடிக்கப்போறான்.

— அப்புறம் என்னம்மா? பொல்லாத பிள்ளைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஆட்டு மயிர் கத்தரிக்கிற விருந்துல இந்த ஊர்ல எவன் நேரா நடந்து வீடு போய்ச் சேர்ந்தான்? போன வருஷம் நானே திராட்சை ஆலைத் தொட்டிக்குள்ள தூங்கிட்டேன். ஆளை விட்டுத்தான் தூக்கினாங்க. பத்துல ஒரு பங்கை எடுத்துட்டுப் போய், மனசு கேட்டதை வாங்கித் தின்னு, குடிச்சு, ஆண்டவர் முன்னாடி சந்தோஷமா இருன்னு சொல்றதும் நம்ம சட்டம்தானே?

— விருந்துல குடிக்கிறவன் விருந்து முடிஞ்சா வீட்டுக்குப் போறான். என் மகனுக்கு விருந்து முடியறதே இல்ல ஐயா. ஜாடியைத் தானியக் குழிக்குள்ள புதைச்சு வச்சேன். தோண்டி எடுத்துட்டான். போர்வையைக் கொடுத்துட்டு மது வாங்கினான். குளிருல நடுங்கினான். என் போர்வையைக் கொடுத்தேன். அதையும் கொண்டுபோய்க் கொடுத்துட்டான்.

— அடக் கடவுளே.

— ஒருநாள் என் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதான். இனிமே திராட்சைக் கொடி நிழல்லகூட நிக்கமாட்டேன், ஆண்டவருக்கு நேர்ந்துக்கிறேன், முடி வெட்டமாட்டேன்னான். நானும் நம்பினேன். தலைக்கு எண்ணெய் வச்சு விட்டேன். முடி காதைத் தொடறதுக்குள்ள நேர்ச்சை போச்சு.

— அப்ப நேர்ச்சையை உடைச்ச பாவமும் சேர்ந்துச்சா?

— ஆசாரியன் முன்னாடி சொன்ன நேர்ச்சை இல்ல. என் காலைப் பிடிச்சுச் சொன்னது. அதுக்கெல்லாம் பாவம் உண்டா?

— இல்ல, அதை விடு. பாரு தாயி, தின்னதும் குடிச்சதும் அப்பன் வீட்டுச் சொத்து. வெளியாள் யாரும் வந்து என் பொருள் போச்சுன்னு சொல்லல. இதுக்குப் போய்ச் சாகடிக்கணும்னு பெத்தவ நீயே வந்து நிக்கிறியே. உனக்கு மார்ல பால் சுரந்துச்சா, கல்லு சுரந்துச்சா?

— நல்லாத் திட்டுங்க. வழியில கிணத்தடியில பொம்பளைங்களும் இதையேதான் கேட்டாங்க.

— கேக்கத்தான் செய்வாங்க. ஏலோன் எங்க? உன் புருஷன் ஏன் வரல?

— ஆலைப் பக்கம் போயிருக்காரு.

— திராட்சை மிதிக்கிற சமயம், வேலை இருக்கத்தான் செய்யும். அவன் இதுக்கு என்ன சொல்றான்?

— அவர் சொல்றதை அவரே சொல்லுவாரு. கடா செத்த அன்னில இருந்து என்கிட்ட பேச்சில்ல. சாப்பாடும் இறங்கல. அறுத்த இடத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தாரு.

— எனக்கு அந்த ஆளைத் தெரியும். ஒரு முடிவு எடுத்துட்டா மாத்தமாட்டான். சட்டம் என்னன்னு உனக்கு வெளக்கமாச் சொல்லிடறேன் கேளு. அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வந்து சொல்லணும். உன் ஒருத்தி வாய் போதாது.

— அவர் மட்டும் தனியா வந்தா?

— அது வேற. புருஷன் சொன்னா பெண்டாட்டி சொன்னதும் அதுலயே அடங்கிடுச்சுன்னுதான் நம்ம ஊர்ல வச்சிருக்கோம்.

— அப்ப நான் வாயைத் திறந்தாலும் மூடினாலும் ஒண்ணுதான்.

— ஒண்ணுதான். நான் போட்ட வழக்கமில்ல, என்கிட்ட கோபப்படாத. ஆனா நீ மூட்டிவிட்டு, நாளைக்கு ஏலோனும் இங்க வந்து நின்னான்னா, என் கையைக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும். கல்லெடுக்காம இருக்கமுடியாது. அதுக்கு நான் விடமாட்டேன்.

— விடாம என்ன செய்வீங்க? பிராது பிராதுதானே. நீங்க கேக்கலேன்னா அடுத்த ஊர் வாசலுக்குப் போவேன்.

— போவியா நீ? இரு. ஓபதியா, மாட்டைப் பிடிச்சு அப்படி ஓரமாக் கட்டிட்டு இங்க வா. அங்க நிழல்ல தூங்கறவங்களையும் எழுப்பு. பத்துப் பேர் வேணும் எனக்கு. எல்லாரும் கேளுங்கப்பா. ஏலோன் மகன் சல்லூம் மேல, தின்னான், குடிச்சான், அடங்கலன்னு பிராது வந்துச்சு. விசாரிச்சேன். பொறுக்கிப் பயல்தான். ஆனா சாவுக்கு உரிய குற்றம் எதுவும் அவன்கிட்ட இல்ல. பிராதைத் தள்ளிட்டேன். இந்தா, செருப்பைக் கழட்டிப் போட்டாச்சு. பார்த்துக்கிட்டீங்கல்ல? போங்க.

— ஐயா, அவ்வளவுதானா?

— அவ்வளவுதான். நீ என்னை எப்படி வேணா நினைச்சுக்கோ. செருப்பு தரையில விழுந்தா அந்த வழக்கு செத்துப்போச்சு. எந்த வாசலுக்குப் போனாலும் இந்தப் பத்துப் பேர் வந்து சாட்சி சொல்லுவாங்க.

— இதே கடா, இதே குடி. இதைப் பத்தி இனி யாரும் எடுக்கமுடியாது?

— முடியாது.

— அவங்க அப்பாவே வந்து நின்னாலும்?

— ஏலோன் வந்து தலைகீழா நின்னாலும் முடியாது. உன் மகன் பிழைச்சான் போ. நீ கொல்லப் பார்த்த, நான் காப்பாத்திட்டேன். போய் அவனுக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்து. என்ன, அழுவுறியா? கோபமா?

— கோபமில்ல ஐயா. ரொம்பக் களைச்சுப்போயிருக்கேன். அந்தச் செருப்பை மட்டும் இப்பவே மாட்டிக்காதீங்க. ஆலைப் பக்கம் போயிருக்காருன்னு சொன்னேனில்ல, அதோ மேட்டுல வர்றாரு பாருங்க, பையன் கையைக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு. அவருக்கும் அதை ஒருதரம் காட்டிடுங்க.