அத்தை வெளுத்த தொட்டி

— முழு மூட்டையுமா, அத்தை?

— பாதி போட்டா பாதிதானே வெளுக்கும், மாப்பிள்ளை? நான் எதையும் அரைகுறையா செய்யமாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?

— ஐயோ, அது ப்ளீச்சிங் பவுடர்! சுத்தமாகி வெளியே போற தண்ணியில கடைசியா ஒரு கரண்டி கலக்குறதுக்கு வெச்சிருந்தது. அதைக் கொண்டுபோய் நடுத்தொட்டியில...

— நடுத்தொட்டிதானே பார்க்கச் சகிக்கல? பழுப்பா, குழம்பிப் போய், மேல நுரை வேற. நாளைக்கு அதிகாரி வந்து பார்த்தா என்ன நினைப்பார்? ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் பண்ணச் சொன்னா, ஆளு தூங்கிட்டு இருக்கான்னு நினைக்கமாட்டாரா? இப்போ எட்டிப் பாருங்க, எப்படி வெளுத்துக் கிடக்கு!

— பிணம்கூடத்தான் வெளுத்துக் கிடக்கும்.

— வாயைக் கழுவுங்க முதல்ல! என்ன பேச்சு இது?

— அந்தப் பழுப்புதான் அத்தை உயிரு. மொத்த ஊர்க் கழிவையும் தின்னுட்டுத் தெளிஞ்ச தண்ணியா விடுறது அந்தக் கிருமிங்கதான். ராத்திரி பகலா காத்து மெஷினை ஓட்டுறதே அதுங்களுக்காகத்தான். இத்தனை வருஷமா பிள்ளை மாதிரி வளர்த்தேன்.

— ஊரே கிருமியைக் கொல்ல மருந்து வாங்குது. நீங்க பாலூட்டி வளர்க்குறீங்க!

— சிரிக்காதீங்க அத்தை. நாளைக்குத் தண்ணியை எடுத்துச் சோதிப்பாங்க. தேறினாத்தான் எனக்கு நகரத்து ஆபீஸ்ல பதவி உயர்வு.

— தேறலைன்னா?

— இங்கேயே கிடக்க வேண்டியதுதான். இந்த நாத்தத்துல.

— அப்படி ஒண்ணும் நாறலையே. வந்த அன்னிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டேன், வாஸ்தவம்தான். இப்போ பழகிப்போச்சு. நல்ல காத்தோட்டமான இடம்.

— நீங்களா பேசுறீங்க? கல்யாணப் பந்தல்ல அத்தனை பேர் முன்னாடி, 'போயும் போயும் சாக்கடைக்காரனுக்குக் கொடுத்துட்டேனே'ன்னு அழுதது யாரு?

— பொண்ணைப் பெத்தவ அழலைன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க? அதையெல்லாமா மனசுல வெச்சுக்குவாங்க!

— வெச்சுக்கிட்டேனே! அதனாலதானே பதவி உயர்வுக்கே எழுதிப் போட்டேன். எனக்கு என்னவோ இந்தத் தொட்டி, இந்தக் காத்து மெஷின் சத்தம், இதுதான் பிடிச்சிருக்கு. உங்களுக்காகத்தான் கிளம்புறேன். உங்க பொண்ணு பெட்டியெல்லாம் கட்டிட்டா. நகரத்துல உங்க வீட்டு மாடியிலேயே இருந்துக்கலாம்னு...

— எத்தனை நாளைக்கு?

— என்ன அத்தை இப்படிக் கேட்டுட்டீங்க? கடைசிவரைக்கும்தான். சமையல்கூட ஒண்ணாவே.

— ஒரே அடுப்பா!

— உங்க பொண்ணோட ஆசை. 'அம்மாவுக்கு அளவா உப்பு போடத் தெரியாது, இனிமே நான்தான் சமைக்கணும்'னு சொல்லிட்டே இருக்கா. பாத்திர அலமாரியை எந்தப் பக்கம் மாத்துறதுன்னுகூட முடிவு பண்ணிட்டா.

— என் அலமாரியையா?

— அது கிடக்கட்டும், பிறகு பேசிக்கலாம். இன்னும் ஒரு வழி இருக்கு. பக்கத்து ஊர்த் தொட்டியில உயிருள்ள சேறு இருக்கும். இந்தத் தண்ணியை இறைச்சுட்டு, லாரியில அதை அள்ளிட்டு வந்து ஊத்தினா, எப்படியாவது பிழைச்சுக்கும்.

— இந்த வெயில்ல எதுக்கு அலையணும்? சாப்பிட்டுட்டுக் கொஞ்சம் படுங்க, மாப்பிள்ளை.

— நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. பாசத்துல, தெரியாம செஞ்சுட்டீங்க. யாரும் உங்களைக் குத்தம் சொல்லமாட்டாங்க. ஆமா, லாரிச் சாவி எங்கே? இந்த ஆணியிலதானே மாட்டியிருந்தேன்?

— தேடாதீங்க. அவ பெட்டி கட்டுறதைப் பார்த்ததுமே, மூட்டையோட சேர்த்து அதையும் தொட்டியிலதான் போட்டேன்.

— சாவியையா! ஏன் அத்தை?

— உங்க பொண்டாட்டி இந்த ஊருக்கு வந்த பிறகுதான், மாப்பிள்ளை, என் வீட்டுல நான் நிம்மதியா மூச்சு விடுறேன்.