மலை மறைக்கிற ஊர்

— என்னக்கா, வெறுங்கையோட வந்து நிக்கிறே? துணிமணி ஒண்ணும் எடுத்துக்கலியா?

— மொதல்ல இப்படி மரத்தடிக்கு வா. எத்தனை வருஷங்கழிச்சுத் தம்பியப் பாக்கறேன். மொவத்த முழுசாப் பாக்க முடியாம தாடி வளத்து வெச்சிருக்கே.

— தாடி இல்லாம நீடாமங்கலம் ஸ்டேஷன்ல எறங்க முடியுமா? எம்மேல இன்னும் வாரண்டு இருக்குக்கா. நல்லக்கண்ணு வந்திருக்கான்னு ஒருத்தன் வாயத் தொறந்தாப் போதும்.

— தெரிஞ்சுதானே வந்திருக்கே.

— உன்ன அழைச்சிக்கிட்டுப் போவத்தான் வந்தேன். ஏலக்கா வாங்கப் போடிக்கு வந்த எடத்துல ஜெய்னுலாபுதீன் பாய் சொன்னாரு. மாமா கொலைக் கேசு தஞ்சாவூர் கோர்ட்டுல விசாரணைக்கு வந்துடுச்சு, பாத்த சாட்சி உன் அக்கா ராமாயி ஒருத்திதான், மேலப்பண்ணை ஆளுங்க தெருவுக்குள்ளயே வந்து மெரட்டிட்டுப் போறாங்கன்னு. அன்னையிலேருந்து எனக்குச் சோறு எறங்கல.

— நீ இன்னிக்கு வர்றேன்னு பாய்தான் எங்கிட்டயும் சேதி சொன்னாரு. நல்ல மனுசன். இரு, அந்தப் போடி எப்படிப்பட்ட ஊரு? அதச் சொல்லு மொதல்ல.

— வந்து நீயே பாரேன்.

— சொல்லுடா. நான் மலையே பாத்ததில்ல.

— எப்படிக்கா சொல்றது? நம்ம பக்கம் எங்க நின்னு பாத்தாலும் வானம் எறங்கி வயல்ல முட்டுதுல்ல? அங்க முட்டாது. மூணு பக்கமும் மலை. சாயங்காலம் நேரத்தோடயே வெயிலு மலைக்குப் பின்னால போயிடும். ஆனா இருட்டாது. வெயிலில்லாம வெறும் வெளிச்சம் மட்டும் ரொம்ப நேரம் நிக்கும். போன புதுசுல தெனமும் மழை வரப்போவுதுன்னு நெனச்சுக்குவேன்.

— ஆறு உண்டா?

— கொட்டகுடி ஆறுன்னு ஒண்ணு. நம்ம வாய்க்கா மாதிரி வாய மூடிக்கிட்டு ஓடாது. பாறையில விழுந்து கத்திக்கிட்டே வரும். காலு வெச்சா வெடவெடங்கும். அந்தத் தண்ணியில நெல்லும் போடறாங்க. ஆனா ஊரு நெல்ல நம்பி இல்லக்கா, அதத்தான் நீ கேக்கணும். மலையில வெளையற ஏலக்கா அத்தனையும் அங்கதான் வந்து எறங்குது. தெருத்தெருவா கிட்டங்கி, அதான் குடோனு. விடிஞ்சா ஜீப்பு ஜீப்பா ஆளு மலையேறும். நான் கிட்டங்கியில மூட்டை தூக்கறேன். பொம்பளைங்க வரிசையா உக்காந்து காய் பொறுக்குவாங்க. பெருசு ஒரு பக்கம், சிறுசு ஒரு பக்கம், வெடிச்சது ஒரு பக்கம்.

— உக்காந்தேவா?

— நெழல்ல, உக்காந்து. சேத்துல குனிஞ்சு குனிஞ்சு உன் முதுவு என்ன ஆச்சுன்னு பாரு. வேல முடிஞ்சு போற பொம்பளைங்க பக்கத்துல நடந்து போனாலே வாசனை அடிக்கும். ஊரே அப்படித்தான். பங்குனி சித்திரையில எலவம்பஞ்சு வெடிச்சுத் தெருவெல்லாம் பறக்கும். ஆடியில காத்து கூரையப் பிச்சுக்கிட்டுப் போவும். அதான் ஓடு போட்ட வீடா ஒண்ணு பேசி வெச்சிருக்கேன்.

— எந்தத் தெரு, என்ன சாதின்னு கேப்பாங்களா?

— கேக்க மாட்டாங்கன்னு உங்கிட்டப் பொய் சொல்ல மாட்டேன். தனி கிளாசு வெச்சிருக்கிற டீக்கடை அங்கயும் இருக்கு. ஆனா சந்தை அன்னிக்கு மலையாளத்துக்காரங்க, மதுரைக்காரங்க, மலை மேலேருந்து எறங்கறவங்கன்னு நிக்கிற கூட்டத்துல எவன் யாருன்னு பாக்க யாருக்கும் நேரமில்ல. கையக் கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கச் சொல்ற ஆளு கெடையாது.

— நம்ம பக்கத்து ஆளுங்க அங்க யாராச்சும் வந்து போறாங்களா?

— பாயத் தவிர ஒருத்தரும் இல்ல. நீ பயப்படவே வேணாம். நீ எங்க போனேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது.

— உன்ன என்ன பேரு சொல்லிக் கூப்புடறாங்க?

— வைரக்கண்ணு.

— அப்பா பேரு.

— வேலைக்குச் சேரும்போது மொதலாளி பேரு கேட்டாரு. வேற பேரு வாயில வரலக்கா.

— இருக்கட்டும் இருக்கட்டும். நல்ல பேருதான். காய்ச்சல், தலைவலின்னு படுத்தா ஒரு வாய் கஞ்சி வெச்சுத் தர ஆளு இருக்கா?

— ஒருத்தி இருக்கா. அகிலாண்டம்னு பேரு. எங்க கிட்டங்கியிலதான் காய் பொறுக்கறா. போன மழைக்கு நான் படுத்தப்ப அவளும் அவ ஆத்தாவுந்தான் பாத்துக்கிட்டாங்க. எனக்கு அக்கா ஒருத்தி இருக்கா, அவ வந்துதான் பேசணும்னு சொல்லி வெச்சிருக்கேன்.

— அவளுக்கு நீ யாருன்னு தெரியுமா?

— தெரியும். எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— சொல்லியுமா கூட இருக்கா?

— இருக்கா.

— அப்ப நல்ல பொண்ணு.

— இவ்வளவு கேக்கறியே, கெளம்பேன்க்கா. இங்க என்ன இருக்கு உனக்கு? நம்ம ஆட்சி வந்துடுச்சு, இனிமே விடிஞ்சுதுன்னு மாமா ஊரெல்லாம் கொடி கட்டுனாரு. கோட்டையில ஆளு மாறிச்சு. மேலப்பண்ணை வாசல்ல என்ன மாறிச்சு? கூலி நெல்லு கொஞ்சம் கூடக் கேட்டதுக்கு அடிச்சே கொன்னாங்க.

— மாறலன்னு சொல்லாத. இருந்த குடிசைக்கு மனைப் பட்டா குடுத்திருக்காங்க. ‘என் மண்ணுல குந்திக்கிட்டு எனக்கு எதிராவே சாட்சி சொல்றியா, எடத்தக் காலி பண்ணு’ன்னு போன மாசம் பண்ணை ஆளுங்க வந்து நின்னாங்க. இது எம் மண்ணுன்னு சொன்னேன். திரும்பிப் போயிட்டாங்க. உங்க மாமா கேட்ட கூலியத்தான் இப்ப எல்லாரும் வாங்கறோம். அவரு இல்ல, அவ்வளவுதான்.

— திரும்பிப் போனவங்க சும்மா போவாங்களா? நாளன்னிக்கு நீ கூண்டுல ஏறிட்டு வீடு வந்து சேருவியான்னு யாருக்குத் தெரியும்? கோர்ட்டு வேணாம்க்கா. செத்தவரு திரும்பி வரப் போறதில்ல.

— நாளன்னிக்கு இல்ல. நேத்தே முடிஞ்சிடுச்சு.

— என்னது?

— நாள முன்னால தள்ளிட்டாங்க. கூலிக்காரங்க சங்கத்துலேருந்து ரெண்டு பேரு கூட வந்தாங்க, அழைச்சிக்கிட்டுப் போயி கூண்டுல ஏத்தி விட்டாங்க. எதுத்தாப்புல பண்ணைக் காரியக்காரரு நின்னாரு, நீ வெட்டுன கைய மடிச்சு நெஞ்சோட வெச்சுக்கிட்டு. அவரு மொவத்தப் பாத்துக்கிட்டே பேச ஆரம்பிச்சேன்.

— என்ன சொன்னே?

— பாத்தத. கஞ்சிக் கலயத்தோட நான் வரப்புல வர்றேன். பண்ணை எறக்குன வெளியூர் ஆளுங்க அறுப்புக்கு நிக்கிறாங்க. எங்க வீட்டுக்காரரு வெறுங்கையோட, நீங்களும் கூலிக்காரங்கதானே, வயல்ல எறங்காதீங்கன்னு கும்புட்டுக் கேட்டுக்கிட்டிருக்காரு. பின்னால வந்த காரியக்காரரு தடியால மண்டையில அடிச்சாரு. விழுந்தப்பறமும் அடிச்சாரு. பெறவுதான் என் தம்பி கருக்கரிவாளோட ஓடி வந்தான்னு சொன்னேன்.

— என்னையுமா சொல்லிட்டே?

— ஒண்ண மறைச்சா மத்ததும் பொய்யாப் போயிடும்னு நம்ம வக்கீலு சொன்னாரு. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு.

— நீ சொன்னது சரிதான். நான் வெட்டுனது உண்மைதானே. அதுக்கு என்ன கேட்டாங்க?

— பண்ணை வக்கீலு எந்திரிச்சாரு. மொதல்ல வெட்டுனவன் உன் தம்பி, அவன் கையத் தடுக்கப் போயித்தான் உன் புருசனுக்கு அடிபட்டுதுன்னாரு. இல்லன்னேன். அப்ப அவன் ஏன் ஓடுனான், உன் தம்பிய எங்க ஒளிச்சு வெச்சிருக்கேன்னு கேட்டாரு. ஜட்ஜையா என்னையே பாக்கறாரு. கதவோரமா ரெண்டு போலீஸ்காரங்க நிக்கிறாங்க. நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தோணிட்டா, எம் பின்னாலயே வந்து உன்னப் புடிச்சிடுவாங்க.

— அக்கா, ஒண்ணு செய்யலாம். நானே போயி நிக்கிறேன். நீ சொன்னதுதான் நடந்துச்சுன்னு நானும் சொல்றேன். ஜெயில்ல போடட்டும். ஓடி ஓடி அலுத்துப் போச்சு. இப்பவே உங்கூட ஊருக்கு வர்றேன்.

— ஊருக்கு வர முடியாது, தம்பி.

— ஏன், நான் பொறந்த தெருதானே?

— வண்டி வந்துடுச்சு. அந்தப் பொண்ணு ஆத்தாகிட்ட, அக்கா சம்மதம் சொல்லிட்டான்னு சொல்லு. வைரக்கண்ணுங்கிற பேருலயே தாலி கட்டு.

— நீ மொதல்ல சொல்லு. ஜட்ஜுகிட்ட என்ன சொன்னே?

— நேத்து நான் சொன்னதுல அந்த ஒண்ணுதான் பொய். வேதாரண்யத்துக்கு உப்பள வேலைக்குப் போனவன் புயல்ல போயிட்டான், பொணங்கூடக் கெடைக்கலன்னு சொல்லிட்டேன். தெருவுல எல்லாரும் மாரடிச்சு அழுதுட்டாங்க. நாளைக்கு உனக்குக் கருமாதி. ஏறு.