துண்டு மடிக்கு இறங்கினால்

அமைச்சருக்குப் பாதி முகம்தான் சவரம் செய்து முடித்திருந்தேன். வாசலில் கார் வந்துவிட்டது. மறு பாதியில் சோப்பு காய்ந்துகொண்டிருந்தது. அந்தக் கோலத்தில் ஒருவரை வெளியே அனுப்புவது மரியாதை இல்லை, இன்ஸ்பெக்டர் சார். கத்தியை வேகமாக ஓட்டினேன்.

"சாமி, கார் வந்துட்டு. அவியள மதுரைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் அமைச்சரின் மனைவி அய்யம்மாள். அங்கே பெரிய டாக்டரைப் பார்க்க வேண்டுமாம். சித்திரையிலிருந்து நான் தள்ளிப்போட்டு வந்த பயணம் அது.

நான் ஆராவமுதன். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். அமைச்சர் சமுத்திரம் ராஜபாளையத்து மில் வாசலில் நின்று கூட்டம் பேசிய நாளிலிருந்து அவருடைய உதவியாளன். அவர் எம்.எல்.ஏ. ஆனார், அமைச்சரானார். நான் உதவியாளனாகவே இருந்தேன்.

யார் வந்து எதைக் கேட்டாலும் "முடிச்சிருவோம்" என்பார். நிஜமான பதில் அவருடைய துண்டில் இருக்கும். அது தோளிலேயே கிடந்தால் நான் முடித்துக் கொடுக்க வேண்டும். மடிக்கு இறங்கினால் அந்தக் காரியம் அதோடு செத்தது. நீங்களும் மாற்றல் கேட்டு வந்தீர்கள், சார். துண்டு இறங்கியதைக் கவனிக்கவில்லை. அதனால்தான் இன்னும் இதே ஸ்டேஷனில் இருக்கிறீர்கள்.

போன சித்திரையில் அவருக்குப் பக்கவாதம் அடித்தது. வலது கையும் பேச்சும் போயின. உள்ளூர் டாக்டர் ஓய்வு என்றார். வெளியே முதுகுவலி என்றோம். கட்சிக்கும் அதுவே வசதி. அவர் பதவி போனால், கலெக்டர் ஆபீசில் எனக்கு எவன் நாற்காலி போடுவான்? அதை மட்டும்தான் யோசித்தேன்.

அவரை வராந்தாவில் உட்கார வைத்தேன். வந்தவர்களைக் கம்பிக் கதவுக்கு அப்பால் நிறுத்தினேன். அவருடைய இடது கை துண்டை மடிக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். எனக்கு வேண்டாதவர்களுக்கு அதையே மறுப்பாகக் காட்டினேன். வேண்டியவர்கள் வந்தால் எடுத்துத் தோளில் போட்டுவிடுவேன். நாவிதர் உள்ளே வந்தால் வெளியே பேசுவார் என்று சவரத்தையும் நானே பழகிக்கொண்டேன்.

கான்ட்ராக்டர் மொக்கைச்சாமிக்கு மட்டும் குசும்பு. "என்ன சாமி, அமைச்சரு வாயே தொறக்கல, எனக்கு ரோடு மட்டும் சாங்ஷன் ஆயிருச்சே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

கார் வந்த அன்றைக்கு அய்யம்மாள் நாற்காலி அருகே குனிந்தார். "ஏங்க, நீங்களே சொல்லுங்க. மதுரைக்குப் போவமா?"

இடது கை எழுந்தது. துண்டு மடிக்கு வந்தது.

"வேண்டாங்கிறார்" என்றேன்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கும் அந்தக் கணக்கு தெரியும். அவர் துண்டைத்தான் பார்த்தார்; புருஷன் கண்ணைப் பார்க்கவில்லை. அந்தக் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. சோப்பு பட்டு எரிகிறது என்று துடைத்துவிட்டேன்.

"அவியளுக்கு இஷ்டமில்லைன்னா சரி. நாளைக்கு டாக்டரையே இங்க வரச் சொல்லுதேன்" என்றார் அய்யம்மாள். கார் திரும்பிப் போனது.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தால், நான் பாலில் கலந்து வந்த தூக்க மாத்திரை தெரிந்துவிடும். அன்று மாலை அவருக்குப் பால் கொடுக்கும்போது அளவு பார்க்கவில்லை. காலையில் அவர் எழவில்லை.

மாரடைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அடித்துவிடுங்கள். மாத்திரை எதற்கென்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆனி மாதமே அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரம். "போதும் சாமி. ராஜினாமா எழுதிரும். பொறவு நான் நிம்மதியா இருப்பேன்" என்றார். தெளிவாகத்தான் சொன்னார். அன்றிலிருந்துதான், அவர் வாய் எழாதபடி, பாலில் மாத்திரை.

நோயாளி ஏதோ பிதற்றினார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.