அர்ச்சுனன் ஐயாவின் அரை மணி நேரம்

— மெதுவா, மகேந்திரா, மெதுவா. புந்தோங்ல பாதிப் பேருக்குக் கல்யாணப் பொருத்தம் பார்த்த கம்ப்யூட்டர்ப் பெட்டி அது.

— ஸ்க்ரூவத்தான் கழட்டுறேன், அர்ச்சுனன் ஐயா. தாலிய இல்ல.

— வாயக் கழுவு. கல்யாணம் பேசி வைக்கிறவன் முன்னுக்கு அந்த வார்த்தையச் சொல்லலாமா?

— சரி, தப்புதான். கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெளிச்சம் மறைக்குது... அடடா. ஐயா, உள்ளுக்கு ஏன் இவ்வளவு விபூதி?

— ஆயுத பூசைக்கு வச்சது.

— நெத்தியில வைப்பாங்க. நீங்க மூக்குல அடைச்சிருக்கீங்க. இந்த ஓட்டை வழியாத்தான் இது மூச்சு விடுது. பாருங்க, சந்தனம் காய்ஞ்சு காத்தாடி அசையவே இல்ல. விபூதி, குங்குமம்... இது என்ன, எலுமிச்சம்பழ விதையா?

— திருஷ்டி கழிச்சப்பத் தெறிச்சிருக்கும்.

— வருஷா வருஷமா?

— இருபத்திரண்டு வருஷத்துல ஒரு வருஷம் விட்டதில்லலா. அதான் இது இத்தினி காலம் ஓடுச்சு.

— அதான் இது இத்தினி காலம் சூட்டுல வெந்துச்சு. இப்பக் கரண்டு குடுக்கிறேன், காதக் கிட்டக்கக் கொண்டு வாங்க. டிக்கு, டிக்கு, டிக்கு. கேக்குதா?

— அதுவா? மூணு மாசமாக் கேக்குது. நான் பொருத்தம் படிக்கிறப்பவெல்லாம் சொல்லும். பல்லி சொல்லுது, நல்ல சகுனம்னு பொண்ணு வீட்டுக்காரவங்ககிட்டக் காட்டினேன்.

— பல்லி இல்ல ஐயா, ஹார்ட் டிஸ்க். உள்ளுக்கு ஒரு தட்டு சுத்தும். அது மேல ஒரு முள்ளு ஓடி ஓடிப் படிக்கும். இப்ப முள்ளால படிக்க முடியல. போகுது, முட்டுது, திரும்பி வருது. அந்தச் சத்தந்தான்.

— அப்ப மூணு கல்யாணம் அந்தச் சத்தத்துல முடிவாயிருக்கு.

— நல்லா இருக்காங்களா?

— மூணு ஜோடியும் நல்லாத்தான் இருக்கு.

— அப்ப விடுங்க.

— ரிப்பேர் பண்ணிடலாம்ல, தம்பி? காசு எவ்வளவானாலும் பரவால்ல.

— இதுக்கு மருந்து கிடையாது. உசுரு போறதுக்கு முந்தி வாக்குமூலம் வாங்கிக்கலாம், அவ்வளவுதான்.

— குனோங் ராபாட்ல ரெண்டு கடை ஏறி இறங்கிட்டேன். ஒருத்தன் பழைய இரும்புக்குப் போடுன்னான். இன்னொருத்தன் பார்த்துட்டுச் சிரிச்சான். அப்புறம் கலாதான் சொன்னா, புந்தோங்ல மகேந்திரன் கடைக்குப் போங்கப்பா, அவரு பழசத் தூக்கிப் போட மாட்டாருன்னு.

— கலாதேவி டீச்சர் அப்படியா சொன்னாங்க?

— ஆமா. இங்க வர எனக்குக் கால் கூசிச்சு. உன் கடை வாசல்ல மோட்டோவ நிப்பாட்டிட்டு அஞ்சு நிமிஷம் சும்மா நின்னேன்.

— பார்த்தேன். வெயில்ல நிக்கிறாரேன்னு நெனச்சேன்... சரி, இப்ப டிஸ்க்க வெளிய எடுத்து என் கம்ப்யூட்டர்ல வயரு போட்டு மாட்டிட்டேன். இனிமே ஒரு தடவையோ ரெண்டு தடவையோதான் படிக்கும். எல்லாத்தையும் கேட்டா நடுவுல போயிடும். முதல்ல எது வேணும்? நாளைக்குத் தாப்பாவுலேர்ந்து மாப்பிள்ள வீட்டுக்காரவங்க வாராங்கன்னீங்களே, அதுவா?

— அது கெடக்கட்டும். அவங்களுக்குக் கையால எழுதிக் குடுத்துடுறேன். ரெண்டாயிரத்து ஏழுன்னு ஒரு போல்டர் இருக்கும். அதுல ஒரே ஒரு பைலு. அது மட்டும் வந்தாப் போதும், மத்ததெல்லாம் போனாலும் நான் அழ மாட்டேன்.

— அப்படி என்ன பைலு?

— ஒரு தப்புப் பண்ணிட்டேன், மகேந்திரா. அதச் சரி பண்ண ஒருத்தன் பொறந்த நேரம் வேணும். அது இந்தப் பெட்டியில மட்டுந்தான் இருக்கு. எழுதிக் குடுத்த தாளு கரையான் தின்னுடுச்சு. எழுதிக் குடுத்தவரும் போய்ச் சேர்ந்துட்டாரு.

— பேர் சொல்லுங்க, தேடுறேன்.

— பேரு இல்ல. நம்பரு நூத்துப் பதினாலு.

— ம்... இருக்கு. பைலக் காப்பி எடுக்கப் போட்டிருக்கேன். நூத்துக்கு ரெண்டு. மெதுவாத்தான் போகும். பெலான் பெலான்.

— எவ்வளவு நேரம்?

— அது மனசு வச்சா பத்து நிமிஷம். உங்க ஜோசிய சாப்ட்வேரையும் பின்னாலயே போட்டிருக்கேன். கோப்பி சொல்லட்டுமா? ஜீனி இல்லாம?

— எனக்கு ஜீனி ஆகாதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?

— உங்க வயசுல யாருக்கு ஐயா ஆகுது? அந்தத் தப்பச் சொல்லுங்க. டிக்கு சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தா பயமா இருக்கு.

— போன மாசம் ஒரு அம்மா சண்டைக்கு வந்துச்சு. மகனுக்கு இப்பத்தான் கல்யாணம் கூடி வருது, எண்பதுல பொறந்தவன். வேற இடத்துல பார்த்தா வேற நட்சத்திரம் சொல்றாங்க, நீ என்ன ஜோசியன்னு கேட்டுச்சு. நான் கோவமா உக்காந்து பஞ்சாங்கத்த வச்சுக் கையால போட்டுப் பார்த்தேன். அந்தம்மா சொன்னதுதான் சரி.

— பெட்டி தப்பாச் சொல்லியிருக்கு.

— பெட்டி மேல தப்பு இல்ல. மெட்ராஸ்லேர்ந்து சாப்ட்வேரு வந்தப்ப ஒரு கேள்வி கேட்டுச்சு, உங்க ஊரு நேரம் என்னன்னு. நான் எட்டு மணின்னு அடிச்சேன். லண்டனுக்கு எட்டு மணி நேரம் முந்தி. சரிதானே?

— சரிதான். இப்ப மலேசியா நேரம் அதுதான்.

— இப்ப. ஆனா எண்பத்திரண்டாம் வருஷம் பொறக்குறப்ப நாடே கடியாரத்த அரை மணி முன்னுக்குத் தள்ளி வச்சுச்சு. அதுக்கு முன்ன நமக்கு ஏழரை.

— ஏழரையா? ஜோசியருக்கே ஏழரையா?

— சிரிக்காத. கதைய முழுசாக் கேளு. அப்ப எனக்கு இருபத்தாறு வயசு, ரப்பர்த் தோட்டத்துல பால் மரம் வெட்டிக்கிட்டு இருந்தேன். திடீர்னு ஒரு நாள் பெரட்டுக்கு அரை மணி முன்னுக்கே எழும்பச் சொன்னாங்க. ஒரே கும்மிருட்டு. பெரட்டுல வரிசையா நிக்க வச்சுப் பேரு கூப்பிடுறப்ப யாரு மூஞ்சியும் தெரியல. நான்தான் முதல் ஆளா கணக்கெழுதுற கிராணிகிட்டப் போயி, எங்க அரை மணிய யாரு எடுத்ததுன்னு சண்டை போட்டேன். அந்த அரை மணிய நானே மறந்துட்டேன்லா.

— அப்ப எண்பத்திரண்டுக்கு முன்ன பொறந்த எல்லாருக்கும்...

— எல்லாருக்கும் அரை மணி தப்பு. முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் மாறாது. நட்சத்திரம் முடியுற நேரத்துல பொறந்தவனுக்கு மட்டும் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாண்டிடும். சேர்த்து வச்ச ஜோடிங்கள மட்டும் எழுதின நோட்டு ஒண்ணு இருக்கு, ராத்திரியெல்லாம் உக்காந்து அதக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்துக்குப் பத்துன்னு நான் சேர்த்து வச்ச ஒரு ஜோடிக்கு உண்மையில நாலுதான்.

— பாவம். பிரிஞ்சிட்டாங்களா?

— எங்க பிரிஞ்சாங்க? அஞ்சு பிள்ளை. ரெண்டு பேரும் ஒரே மோட்டோவுல பாசாருக்குக் காய் வாங்கப் போறாங்க. எதிர்ல பார்த்தா நான்தான் தலையக் குனிஞ்சிக்கிறேன்... எங்க இருக்கு இப்ப?

— நாப்பத்தொண்ணு. நல்லாத்தான் வருது.

— மேல யாரு, நெத்திலி சம்பல் வதக்குறது? வாசம் தூக்குது.

— மேலதான் வீடு. மத்தியானம் சாப்பிட்டுட்டுப் போங்க.

— எனக்கும் வீட்டுக்குப் போனாச் சோறு இல்லைதான். சனிக்கிழமையானா கலாவுக்கு ஸ்கூல்ல புறப்பாட நடவடிக்கை, விளையாட்டு, கிளப்புன்னு. தைப்பூசம் முடிஞ்சதுலேர்ந்து ஒரு சனிக்கிழமை தப்பாமப் போறா. அந்த ஸ்கூல்ல இருக்கிறதே அறுபது பிள்ளைங்க. அதுக்கு இத்தினி புறப்பாடம்.

— டீச்சருங்களுக்கு இப்ப வேலை ரொம்ப சுசாதான், ஒரே கஷ்டம்.

— பாவம்டா அவ. நாப்பத்தி நாலு வயசாச்சு. ஒரு நாளும் என்ன எதுத்துப் பேசினதில்ல.

— ஒரு கேள்வி ஐயா. அந்த ரெண்டாயிரத்து ஏழு ஆளுங்க உங்க பேச்ச மீறிக் கட்டியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

— பெட்டிய மூடிட்டு வீட்ல உக்காந்திருப்பேன். சொந்த வீட்லயே எவளும் என் கணக்க நம்பலன்னா ஊருல எவன் நம்புவான்?

— சொந்த வீடா?

— ...எத்தன ஆச்சு?

— எழுபது. சத்தம் கூடுது. கையால தொடாதீங்க.

— தொடல. முருகனக் கும்பிடுறேன்.

— விபூதி மட்டும் வேணாம்.

— வாயத் தொறக்கல நான்.

— எண்பத்தெட்டு... நின்னுடுச்சு.

— நின்னுடுச்சுன்னா?

— பதறாதீங்க. முட்டிக்கிட்டுத் திரும்பப் படிக்குது. மூச்சு விட விடுங்க... தொண்ணூறு. தொண்ணூத்தஞ்சு. ஐயா, கைய விடுங்க, வலிக்குது.

— வந்துடுச்சா?

— வந்துடுச்சு. ரெண்டும் வந்துடுச்சு. நூத்துப் பதினாலு. திறக்கட்டுமா?

— திற. நீயே படி. எனக்குக் கண்ணாடி இல்ல.

— கண்ணாடி உங்க மூக்கு மேலதான் இருக்கு.

— படி தம்பி.

— பொண்ணு, கலாதேவி தகப்பன் பேர் அர்ச்சுனன். மாப்பிள்ள... மகேந்திரன் தகப்பன் பேர் சன்னாசி. பத்துக்கு அஞ்சு. ரஜ்ஜு இல்ல. சேர்க்கக்கூடாது.

— ரஜ்ஜு இல்லன்னா தாலிக்கயிறு நிலைக்காதும்பாங்க. உங்கப்பா அன்னைக்கு என் வீட்ல கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. நான் தாள அவரு முன்னுக்கு வச்சு, பெட்டி சொல்லுது சன்னாசி, நான் என்ன பண்ணட்டும்னேன். அவரு எழும்பிப் போயிட்டாரு. கோப்பியக்கூட முழுசாக் குடிக்கல. மகேந்திரா, அத நெனச்சா எனக்கு வெட்கமா இருக்கு. உங்கப்பா இருந்திருந்தா கால்ல விழுந்திருப்பேன்.

— எங்கப்பா விழ விட்டிருக்க மாட்டாரு.

— அதனாலதான் சொல்றேன், நேரத்த மாத்திப் போடு. எட்ட எடுத்துட்டு ஏழரை. கலா ரேவதி நட்சத்திரத்துல கடைசி நிமிஷம். அரை மணி தள்ளினா அசுவினி ஆயிடுவா. அவ நேரம் எனக்குத் தெரியும், உன் நேரந்தான் கையில இல்ல. அது தெரியாம ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல.

— மாத்திட்டேன். தட்டட்டுமா?

— தட்டு.

— ...ஐயா.

— சொல்லு. ரஜ்ஜு வந்துடுச்சுல?

— நான் அப்பயும் கேட்டை, இப்பயும் கேட்டை. டீச்சர் அசுவினி. ரஜ்ஜு இல்ல. புதுசா வேதைன்னு ஒண்ணு, அதுவும் இல்லன்னு போட்டிருக்கு. பத்துக்கு மூணு.

— மூணா?

— அஞ்சு இருந்துச்சு. சரி பண்ணதும் மூணாயிடுச்சு.

— இன்னொரு தடவ தட்டு.

— ரெண்டு தடவ தட்டிட்டேன். மூணுதான்.

— சத்தத்தக் காணோமே. டிக்கு சத்தம்?

— போயிடுச்சு ஐயா. குடுக்க வேண்டியதக் குடுத்துட்டுப் போயிடுச்சு.

— போகட்டும்... மகேந்திரா, அந்த மூணு இருக்குல.

— இருக்கு.

— அத அழிச்சிட்டு ஒன்பதுன்னு அடி.

— ஐயா, நீங்க யாருக்கும் அரைப் பொருத்தம் கூட்டிப் போட்டதில்லன்னு ஊரே சொல்லும்.

— சொல்லும். இருபத்திரண்டு வருஷமா நேர்மையா இருந்து தப்புத் தப்பாச் சொன்னேன். ஒரு தடவ பொய் சொல்லி, சரியாச் சொல்லிட்டுப் போறேன். அடி.

— அடிச்சிட்டேன்.

— தாளுல எடுத்துக் குடு. கையெழுத்துப் போடுறேன். சீலும் கொண்டாந்திருக்கேன்.

— இந்தாங்க, சூடா வருது. யாருக்குக் குடுக்கப் போறீங்க?

— எம் மகளுக்கு. அவ அந்தப் பழைய தாளாலதான் ஒத்தையா நின்னா. நீயும் வேற யாரையும் கட்டல. ஏன்னு நான் ஒரு நாளும் கேக்கல, கேட்டா நீ சொல்லிடுவியோன்னு பயம். பத்துக்கு நாலு இருக்கிறவன் அஞ்சு பிள்ளையோட சந்தோஷமா இருக்கான். எனக்கு இனிமே எந்த நம்பரும் வேணாம்லா.

— அவங்களும் வேணாம்னுதான் நெனச்சிருப்பாங்க.

— அவகிட்ட எப்படிக் கேக்குறதுன்னுதான் தெரியல. பதினெட்டு வருஷம் கழிச்சு அப்பன் ஒரு தாளத் தூக்கிக்கிட்டு வாரானேன்னு சிரிப்பாளோ?

— சிரிப்பாங்க, மாமா.

— என்னன்னு கூப்பிட்ட?

— கலா, அடுப்ப அணைச்சிட்டுக் கீழ இறங்கி வா. நாம ரெஜிஸ்டர் பண்ணி எட்டு மாசம் ஆச்சுன்னு நீயே அப்பாகிட்டச் சொல்லிடு, கையில தாளோட உக்காந்திருக்காரு, நமக்கு ஒன்பது பொருத்தமாம்.