பின்னறைக் குரல்

சாயங்காலம் ஆறரை மணி. மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குகளை அடைத்துவிட்டால் அந்தச் சந்தில் ஆள் இருக்காது. சந்தின் கடைசியில் ஒரு பழைய மாடி வீடு. அதற்குப் பின்னால் காயல்... அவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளி ஷௌகத் அலியின் பெரியம்மா ஜொஹரா பீவிக்கு நடந்தது. ஐம்பத்தேழாம் வருஷம், ஆனி மழை.

அந்த மாடியில் நார்வே தேசத்து மிஷனரி ஒருவர் இருந்தார். பெயர் ராக்னா. தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தச் சந்துக்காரர்களுக்கு மதாம்மா. காலையில் ஏழைகளுக்குக் கண் மருந்து போடுவார். மத்தியானம் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார். ஒன்பது வருஷம் இதேதான். ஜொஹரா பீவி அவருக்குச் சமைத்துப் போட்டு, தமிழும் கற்றுக் கொடுத்தவர். மதாம்மா தட்டின் முன் விரல் கோத்து ஜெபித்துவிட்டு, கப்பைக் கிழங்கும் மீனும் சாப்பிடப் பழகிவிட்டார். மீன்காரியிடம் தமிழில் சண்டை போடவும் பழகிவிட்டார்.

ஒன்று மட்டும் பழகவில்லை.

“என் பாஷை பேச இங்க ஒரு ஆள் இல்ல, ஜொஹரா. வாய் துருப்பிடிச்ச மாதிரி இருக்கு.”

லீவு கேட்டு எழுதுவார். மாற்றுக்கு ஆள் இல்லை என்று பதில் வரும். ஒன்பதாம் வருஷம் ஒருவழியாகக் கிடைத்தது. ஒரு வியாழக்கிழமைக் கப்பல்.

அதற்கு ஒரு மாதம் முன்புதான் மாடியின் பின்னறையில் குரல் கேட்கத் தொடங்கியது.

அந்த அறை எப்போதும் பூட்டியே கிடக்கும். முன்பு அங்கே இருந்த இன்னொரு நார்வே மதாம்மாவின் பெட்டிகள் உள்ளே. ஊருக்குப் போகக் கப்பலுக்குக் காத்திருந்தவர், காய்ச்சல் கண்டு அந்த அறையிலேயே இறந்துபோனார். முப்பது வருஷக் கதை.

“உள்ள ஒருத்தி பேசறா,” என்றார் ராக்னா. முகத்தில் பயமே இல்லை. “எங்க மலைப் பக்கத்துப் பேச்சு.”

ஜொஹரா பீவி காதை வைத்துக் கேட்டார். மழைதான் கேட்டது.

அதற்குப் பிறகு மதாம்மா வெளியே வரவில்லை. கண் மருந்துக்கு வந்தவர்கள் கீழே காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். சாயங்காலமானால் பின்னறைக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு பேசுவார், சிரிப்பார். தமிழில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க நேரமாகும்.

புதன்கிழமை ஆறரைக்கு ஜொஹரா பீவி மேலே போனார். எப்படியாவது ராத்திரியே தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், விடிந்ததும் கப்பல் ஏற்றிவிட வேண்டும். கரண்டு இல்லை. பின்னறைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே இருட்டு. அந்துருண்டை வாசனை.

“மதாம்மா, வாங்க, போயிடலாம்.”

கையை உள்ளே நீட்டினார். ஒரு கை வந்து பற்றியது. ஈரமாக, சில்லென்று. இழுத்து வெளியே கொண்டுவந்தார். கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

படி இறங்கும்போது மேலே கதவைத் தட்டும் சத்தம்... உள்ளேயிருந்து. பட... பட... பட. பேய்தான் தட்டுகிறது என்று ஜொஹரா பீவி இன்னும் வேகமாக இழுத்துக்கொண்டு ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தால் அதே மதாம்மாதான்; ஆனால் கப்பல் ஏறும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. பிரிவுத் துக்கம் என்று ஜொஹரா பீவி நினைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து ராக்னாவின் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. தபாலாபீஸில் படித்துச் சொன்னார்கள். அக்கா வந்து சேர்ந்தாள். ஆனால் எங்களை அவளுக்குத் தெரியவில்லை. எப்போதோ செத்துப்போனவர்களை எங்கே என்று கேட்கிறாள். ஜொஹரா என்று யாரையும் தெரியாது என்கிறாள்.

ஜொஹரா பீவி தபாலாபீஸிலிருந்து நேரே அந்த வீட்டுக்கு ஓடினார். பின்னறைக் கதவின் முன் நின்றார். கதவில் காதை வைத்தார். பிறகு உள்ளேயிருந்து, மிக அருகில்... தமிழில்...

“ஜொஹரா, என்னை ஏன் விட்டுட்டுப் போனே?”

சங்கரலிங்கம் ஆசாரியை அழைத்துவந்து கதவைப் பெயர்த்தார்கள். உள்ளே பெட்டிகள் மட்டும். ஆளில்லை. கதவை மறுபடி பொருத்தினார்கள். அன்று சாயங்காலமே குரல் வந்தது.

நாலு வருஷம். தினமும் ஆறரைக்கு அவர் போய் அந்தக் கதவருகே உட்காருவார். மீன் விலை, மழை, யாருக்குக் குழந்தை பிறந்தது, எல்லாம் சொல்லுவார். மகன் பாலக்காட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டான். போகவில்லை.

“அறிவு கெட்டுப்போச்சா, லாத்தா?” என்று தங்கை லதீஃபா திட்டுவார். ஷௌகத் அலியின் அம்மா அவர்.

“நான்தானே கதவுக்குள்ள விட்டேன். நான் போயிட்டா அது யார்கிட்ட பேசும்?”

அறுபத்தொன்றில் ஒரு மழை நாள். ஜொஹரா பீவி வழக்கம்போலப் போனார். இருட்டி வெகு நேரம் கழித்து நனைந்து வந்தார்.

“சாயா போடட்டுமா, லாத்தா?”

வந்தவர் ஈரத்தோடு அப்படியே உட்கார்ந்தார். பசியாக இருக்கும் என்று லதீஃபா சோறு போட்டு மீன் குழம்பு ஊற்றினார். ஜொஹரா பீவி தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வழிந்தது. பிறகு இரண்டு கைகளையும் விரல் கோத்து, தலை குனிந்து, கண்ணை மூடி... வீட்டில் யாருக்கும் புரியாத ஒரு பாஷையில் மெதுவாக ஜெபம் செய்தார்.