டோபின் குழாயைக் கழற்றிய காட்சி

ஒரு தொடரை இரண்டாம் தரம் பார்க்கும்போதுதான் அதில் யார் யாருக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் கண்ணில் படும். முதல் தரம் கதை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடும். ‘கடைசித் துறைமுகம்’ தொடரின் ஆறாவது பகுதியை நான் பார்த்த அளவுக்கு இந்தக் கோபாலபுரத்தில் வேறு யாராவது பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். அதன் ஆங்கிலப் பெயர் வேறு. எங்கள் வீட்டில் அதற்கு இதுதான் பெயர்.

சனி கிரகத்துக்கு அப்பால் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும் ஒரு பழைய கப்பல். அதில் ஐந்து பேர். இஸ்லா என்று ஒரு பெண்தான் கேப்டன். மார்த்தா சமையல்காரி. டோபின் வயதான எஞ்சினியர், வாயைத் திறந்தால் முணுமுணுப்பும் இருமலும். மற்ற இருவரும் இங்கே நமக்கு வேண்டாம்.

இந்த மாதிரிக் கதைகளில் பைத்தியம் என் கணவருக்குத்தான். ராகவேந்திரன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ராக்கெட், வேற்றுக் கிரகம் என்று எது வந்தாலும் விடமாட்டார். ஆனால் அந்த வெள்ளைக்காரர்கள் வாய்க்குள்ளேயே பேசுவது அவருக்குப் புரியாது. கீழே எழுத்து ஓடினால் படித்துப் புரிந்துகொள்வார். சர்க்கரை முதலில் அவர் கண்ணை எடுத்துக்கொண்டது. பிறகு சிறுநீரகத்தை. எழுத்தைப் படிக்கும் வேலை என்னிடம் வந்தது.

எனக்கு அது கஷ்டமாக இல்லை. மயிலாப்பூர் சபா நாடகக் குழு ஒன்றில் நான் பல வருஷம் ப்ராம்ப்டராக இருந்தவள். திரைக்குப் பக்கத்தில் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கும் வேலை. எனக்கு எந்தக் கதையும் பேச்சாகத்தான் காதில் விழும், படம் பிறகுதான். அதனால் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, கேப்டனுக்கு ஒரு குரல், மார்த்தாவுக்கு ஒரு குரல், டோபினுக்கு அடித்தொண்டையில் ஒரு குரல் என்று நானே பேசிவிடுவேன். அவருக்கு அது தமிழ் நாடகம் மாதிரி ஆகிவிட்டது.

“இப்ப யாருடி பேசறா?”

“கேப்டன்.”

“எங்க நிக்கறா?”

“கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்.”

“டோபின்?”

“அந்தப் பக்கம். உங்களை மாதிரியே குழாயும் கையுமா உக்காந்துண்டிருக்கான்.”

இதற்கு அவர் நன்றாகச் சிரித்தார். டயாலிசிஸ் முடிந்து வந்த நாள் அது. அப்படிப்பட்ட நாளில் அவர் சிரிப்பது அபூர்வம்.

ஆறாவது பகுதி இதுதான். கப்பலின் பின்பக்கம் தீப்பிடிக்கிறது. கதவு இறுகிப்போய் டோபின் உள்ளே மாட்டிக்கொள்கிறான். அந்த அறையில் காற்றுப் போய்விட்டது. முன்பக்கத் தொட்டியிலிருந்து ஒரு குழாயை இழுத்து அவனுக்கு விட்டிருக்கிறார்கள். உதவிக் கப்பல் வந்து சேரும்வரை இருக்கிற காற்று ஐந்து பேருக்குப் போதாது. நாலு பேருக்குப் போதும். டோபின் இதைத் தெரிந்துகொள்கிறான். அவன் கை குழாயின் கொக்கிக்குப் போகிறது. சங்கீதம் அப்படியே அடங்குகிறது. அவன் கேப்டனைப் பார்த்துச் சொல்கிறான்:

“உங்க நாலு பேரோட மூச்சை நான் ஒருத்தன் குடிச்சிண்டிருக்கேன், கேப்டன். போதும். எனக்குப் போதும்.”

பிறகு கேப்டன் கண்ணாடியைத் தட்டுகிற சத்தம். எல்லோரும் அழுகிற சத்தம்.

நான் பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால், இவர் கன்னமெல்லாம் ஈரம்.

“என்ன மனுஷன்டி,” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தரம் போடு,” என்றார்.

அடுத்த நாளும் அதையே கேட்டார். அதற்கடுத்த வாரமும் கேட்டார். “ஏழாவதுக்குப் போலாமே” என்று இடையில் ஒருமுறை சொன்னார். “அது இன்னும் வரலையே” என்றேன். அவருக்கும் அதில் பெரிய வருத்தமில்லை.

ஒன்று விட்டு ஒரு நாள் எங்களுக்கு டயாலிசிஸ். எங்களுக்கு என்றுதான் சொல்வேன். காலையில் அங்கமுத்துவின் ஆட்டோ கேட்டருகே வந்து நிற்கும். அவனும் நானுமாக அவரை மாடியிலிருந்து இறக்குவோம். “மாமி, நீ இந்தாண்ட புடி, சாரு கால நான் பாத்துக்கறேன்” என்பான். அங்கே அவரைப் படுக்கவைத்து மெஷினில் மாட்டியபின் நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பேன். திரும்பி வந்து ரசம் வைப்பேன். அவருக்குத் தண்ணீரையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். சாயங்காலம் தொடர். சாப்பிடும்போது அதைப் பற்றிப் பேச்சு. படுக்கையில், “டோபினுக்குக் குழந்தைகள் உண்டோ?” என்று ஒரு கேள்வி. அவருக்குத் தூக்கம் வரும்வரை என் வாய் ஓயாது.

மறுபடி மறுபடி பார்த்ததில் மார்த்தாவைத்தான் நான் அதிகம் கவனித்தேன். அந்தப் பகுதி முழுக்க அவள் குழாயின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒருமுறை கேப்டன் சொல்வாள்:

“மார்த்தா உக்காரவே இல்லை, டோபின். அவ முட்டி ரெண்டும் போயாச்சு. வாய் விட்டுச் சொல்ல மாட்டா. அதான் நான் சொல்றேன்.”

இவர் அன்று கேட்டார்: “மார்த்தா அவனோட ஆம்படையாளா?”

“இல்லைன்னா. சமையல்காரி.”

அவர் கையால் துழாவி என் முழங்காலைத் தொட்டார்.

“உனக்கு வலிக்கறதா விஜி?”

“இல்லையே.”

இது நடந்து அதிக நாள் ஆகவில்லை, ஒரு டயாலிசிஸ் நாள் காலையில் அவர் சட்டை போட்டுக்கொள்ள மறுத்தார். “அங்கமுத்துவைப் போகச் சொல்லு. நான் இனிமே வரலை,” என்றார். டாக்டர் அவரிடம் போனில் வெகுநேரம் பேசினார். நிறுத்தினால் என்ன ஆகும், எப்படி மூச்சு முட்டும் என்பதை ஒளிக்காமல் சொன்னார். வீட்டில் யாராவது நிர்ப்பந்தப்படுத்துகிறார்களா என்றும் கேட்டார். “எங்காத்துல எங்கிட்ட யாரும் ஒண்ணும் கேக்கலை டாக்டர்,” என்று இவர் பதில் சொன்னார். அது உண்மைதான். நான் எதுவும் கேட்கவில்லை. டொராண்டோவிலிருந்து எங்கள் பிள்ளை நிரஞ்சன் வீடியோவில் அழுதான். அழுது முடித்து, “அப்பா தெளிவா இருக்காம்மா. அவர் இஷ்டப்படி விட்டுடு,” என்றான். விட்டேன்.

காரியங்களுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவரைப் புகழ்ந்தார்கள். யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது என்று நினைத்த மனுஷர் என்றார்கள். எனக்கு அது நிறைவாக இருந்தது.

பதிமூன்றாம் நாள் சுபஸ்வீகாரமும் முடிந்து வீடு காலியான பிறகு கிச்சா வந்தான். இவருடைய தம்பி, மேற்கு மாம்பலத்தில் இருக்கிறான். கையில் லேப்டாப் வைத்திருந்தான்.

“மன்னி, அண்ணா கடைசியா போன்ல எங்கிட்ட ஒரு வசனம் சொன்னான். ‘நாலு பேரோட மூச்சை ஒருத்தன் குடிக்கறேன்’னு. நீங்க ரெண்டு பேரும் பாக்கற சீரியல்ல வரதாமே.”

“ஆமாம்டா.”

“அதைக் கேக்கணும்போல இருந்தது. ஆறாவது எபிசோடை மூணு தரம் பாத்துட்டேன். அந்த டயலாக் எங்க மன்னி?”

நான் காபி கலந்துகொண்டிருந்தேன்.

“டோபின் சாகவே இல்லையே மன்னி. அடுத்த எபிசோட்ல சூப் குடிச்சிண்டு உக்காந்திருக்கான்.”

“எழுத்து வேகமா ஓடறதுடா. எனக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்லை. கொஞ்சம் கூடக்குறைச்சுச் சொல்லியிருப்பேன்.”

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே காபியைக் குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். “வரேன் மன்னி” என்று சொல்லிவிட்டுப் போனவன் பிறகு வரவில்லை. அவனிடம் சொல்லாத மீதியை இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் தரம் நடந்தது பிசகுதான். ப்ராம்ப்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. நடிகர் திணறிய பிறகு வசனம் கொடுத்தால் பிரயோஜனமில்லை. ஒரு நொடி முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். டோபினின் கை கொக்கிக்குப் போனதும், சங்கீதம் அடங்கியதும், இது எதில் முடியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இப்படி எத்தனை நாடகம் பார்த்திருக்கிறேன். எழுத்து வருவதற்கு முன்னாலேயே பேசிவிட்டேன். பேசிய பிறகு திரையில் கதை வேறு விதமாக ஓடிற்று. கேப்டன் கண்ணாடியைத் தட்டி, “யாரும் உன்னிடம் கணக்குக் கேட்கவில்லை. கையை எடு, கிழவா,” என்கிறாள். அவன் கையை எடுத்துவிடுகிறான். காற்றை மிச்சம் பிடிக்க எல்லோரும் முறை வைத்துக்கொண்டு அசையாமல் படுத்துக் கிடக்கிறார்கள். உதவிக் கப்பல் வருகிறது. ஐந்து பேரும் பிழைக்கிறார்கள். அந்த அழுகை சந்தோஷத்தில் அழுவது.

ஆனால் காதுக்கு எல்லா அழுகையும் ஒன்றுதானே. அவர் கன்னம் நனைய உட்கார்ந்திருந்தபோது, “இல்லை, தப்பாச் சொல்லிட்டேன், அவனைக் காப்பாத்திட்டா” என்று எப்படிச் சொல்வது. மேடையில்கூடத் தப்பு வசனம் கொடுத்து நடிகர் அதைப் பேசிவிட்டால், நாடகம் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும்.

இரண்டாம் தரம் வாய் தவறவில்லை.

மார்த்தாவின் முழங்கால் நான் சேர்த்தது. மூலத்தில் அவள் அந்தப் பகுதி முழுக்க ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேப்டனுக்கும் ஒன்று கொடுத்தேன்: “நீ போனா நாங்க அழுவோம், டோபின். ஆனா மூச்சு விட்டுண்டே அழுவோம்.” இதைச் சொன்ன அன்று இவர் வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஏழாவது பகுதிக்குப் போகாததற்குக் காரணம் உங்களுக்கே புரிந்திருக்கும். டோபின் முதல் காட்சியிலேயே இருமிக்கொண்டு வருகிறான். அந்த இருமலை இவர் எங்கேயும் கண்டுபிடித்துவிடுவார்.

எனக்கு அவர்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. ஒரு பகுதியையாவது வாயைத் திறக்காமல், யாருக்கும் சொல்லாமல், கடைசிவரை பார்க்க வேண்டும் என்று ஆசை இருந்தது. அவ்வளவுதான். பெரிய ஆசை என்று அதை நான் சொல்லமாட்டேன். இப்போது ஏழாவதிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன். நன்றாகத்தான் இருக்கிறது. கேப்டனின் குரல் மட்டும் நான் கொடுத்ததைவிடக் கொஞ்சம் மெலிவு.

கடைசி நாளைப் பற்றி நிரஞ்சனுக்கும் தெரியாது. மத்தியானம் அங்கமுத்து வந்தான். வண்டியைக் கேட்டருகே நிறுத்திவிட்டுக் கீழிருந்தே கூப்பிட்டான்.

“மாமி. இந்தப் பக்கமா ஒரு சவாரி வந்தேன். சாரு எப்டி கீறாரு?”

இவருக்கு அந்தக் குரல் கேட்டுவிட்டது. கால் இரண்டும் வீங்கி, தலையணைகளில் சாய்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

“அங்கமுத்துவா? விஜி, அவனை மேல வரச் சொல்லு. போயிடலாம்.”

“எங்கன்னா?”

“மெஷின்ல போடச் சொல்லலாம். என்னால முடியலைடி. எனக்கு இது வேண்டாம். தெரியாம சொல்லிட்டேன். கூப்பிடு அவனை.”

கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தார். நான் பால்கனிக்குப் போனேன்.

“இன்னா மாமி, தூக்கிக்கினு வந்துரட்டா? ஒரே நிமிசம். வண்டி கீது.”

“வேண்டாம்பா. சார் தூங்கறார்.”

“யாரோ கூப்புட்ற மாரி கீதே மாமி.”

“டிவிப்பா.”

அவன் தலையைச் சொறிந்தபடி கொஞ்ச நேரம் நின்றான். “சரி, சாரு எழுந்தா நான் வந்தேன்னு சொல்லு” என்று வண்டியைக் கிளப்பினான். அந்தச் சத்தம் தெருக்கோடி திரும்பும்வரை நான் அங்கேயே இருந்தேன். பிறகு உள்ளே வந்தேன்.

“வரானா?”

“வரான்னா. வண்டியைத் திருப்பிண்டிருக்கான். அதுக்குள்ள இதைக் கேளுங்கோ.”

ஆறாவது பகுதியைப் போட்டேன். அவர் நடுவில் இரண்டு தரம் அங்கமுத்துவின் பெயரைச் சொன்னார். நான் நிறுத்தவில்லை, எல்லாக் குரலிலும் பேசிக்கொண்டே இருந்தேன். படம் முடிவதற்குள் அவர் மூச்சு அடங்கிவிட்டது.

இதை வைத்து என்னைத் தப்பாக நினைப்பவர்கள் நினைக்கட்டும். அன்று வண்டியைக் கேட்டது அவரில்லை, அவருக்குள் இருந்த பயம். அவராக யோசித்து, அவர் வாயால் டாக்டரிடம் சொன்ன முடிவு அது. அதை மாற்ற எனக்கு என்ன உரிமை இருக்கிறது?