பெரட்டுக் களத்தில் ஓர் இடைவெளி

தலைமை தாங்கி, தள்ளாடும் இந்த மேடைக்குத் தம் இருப்பாலேயே உறுதி தந்திருக்கும் சங்கத் தலைவர் நல்லமுத்து ஐயா அவர்களே! கம்பளிக்குள் கைகட்டி, கண்ணை மட்டும் வெளியே விட்டு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! இவள் எப்போது முடிப்பாள், படம் எப்போது ஓடும் என்று என்னை முறைத்துக்கொண்டிருக்கும் பள்ளித் தோழர்களே, தோழியரே! கழுவியும் போகாத தேயிலைக் கொழுந்துக் கறை விரலோடு, கைப்பிள்ளையை மடியில் கிடத்தி வந்திருக்கும் தாய்மார்களே! உங்களோடு அந்தப் பாயில் உட்கார்ந்திருக்க வேண்டியவள் என் தாய் வீரம்மா. போன வருடத்து மழையில் மலைச்சரிவோடு போய்விட்டாள். அவளுக்கும் சேர்த்து உங்கள் அனைவருக்கும் என் மாலை வணக்கம்.

என் பெயர் பூரணி. இந்தக் கொட்டகலைப் பள்ளியில் கடைசி வகுப்புப் படிக்கிறேன். இன்றுவரை படிக்கிறேன் என்று சொல்வதுதான் சரி. திங்கட்கிழமை காலையில் தோட்டத்தில் பேர் பதிய வரும்படி கணக்கப்பிள்ளை ஐயா சொல்லி அனுப்பிவிட்டார். தாய் போனால் தாயின் இடத்துக்கு மகள். நம் தோட்டங்களில் இதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. நாம் குடியிருக்கும் லயத்துக் காம்பிரா, அந்த ஒற்றை அறை, நம்மிடம் இருக்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து ஒரு தலை மலைக்கு ஏற வேண்டும். மலை ஏற உடம்பு இடம் கொடுக்காத என் அப்பா அன்றிலிருந்து என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

இதோ, இந்த மேசையைப் பாருங்கள். படச்சுருள் ஒன்று, அதன் பக்கத்தில் கத்தரிக்கோல் ஒன்று. கத்தரிக்கோல் எதற்கு? சுருளில் ஒரு துண்டை வெட்டிவிட்டே படத்தைக் காட்ட வேண்டும் என்பது தலைவர் ஐயாவின் கருத்து. வெட்டுவதா, காட்டுவதா? அந்தத் துண்டில் இருப்பவர்கள் இந்தத் தாய்மார்கள். ஆகவே நான் கதையைச் சொல்கிறேன், தீர்ப்பை அவர்கள் சொல்லட்டும். பொறு தம்பி, படம் ஓடாமல் உன்னை வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்.

பேய்ப்படம் எடுக்கலாம் என்று ஆரம்பித்தது நானும் என் தோழி தெரேசாவும்தான். பையன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் பேய்ப்படம் எடுத்தால் பேய் சிரிக்கும் என்றார்கள். யார் யார் என்று பெயர் சொல்லட்டுமா? அங்கே தலைகள் குனிவதைப் பார்க்கிறேன், அது போதும். அட்டன் படக்கொட்டகையில் எந்தப் பேய் வந்தாலும் கடலைத் தோலை எறிந்து விரட்டுகிற வீரர்கள் இவர்கள். இவர்களை ஒருமுறையாவது, ஒரே ஒருமுறையாவது, கடலையை வாயில் போட மறந்து உட்கார வைக்க வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது.

கதை சின்னது. கொலையுண்ட கொழுந்துக்காரி ஒருத்தி பனிமூட்டம் இறங்கும் நாட்களில், விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வருகிறாள். வரிசையில் நிற்கிறாள். வேலை மேற்பார்க்கும் கண்டாக்கு அவள் பெயரைக் கூப்பிட்டால் பதில் சொல்கிறாள். பதிலைக் கேட்டவன் மறுநாள் விடியலைப் பார்ப்பதில்லை. பேயாக நடிக்க யாரும் முன்வராததால் நானே வெள்ளைச் சேலை கட்டினேன். உனக்குப் பயமில்லையா என்று தெரேசா கேட்டாள். செத்துப்போன கொழுந்துக்காரி யாராவது உண்மையிலேயே வந்தால் அது என் அம்மாவாகத்தானே இருக்கும், அம்மாவிடம் எனக்கு என்ன பயம் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர அன்று இரவு அவளை நினைத்து அழுதேன்.

படம் பிடித்தவர் கடைவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கும் சூசைரட்ணம் அண்ணன். கப்பலேறிப் போன துரை ஒருவர் விட்டுச்சென்ற படப்பெட்டி அவரிடம் இருந்தது. பேசும் படம் எடுக்கும் வசதி இல்லை. ஆனாலும் பேய் நடக்க ஒரு தாளம் வேண்டும், இல்லாவிட்டால் நான் பஸ்ஸுக்கு ஓடுகிறவளைப் போல நடக்கிறேன் என்று அண்ணன் குறை சொன்னார். அதனால் எங்கள் தோட்டத்தில் தப்புப் பறை அடிக்கும் அழகன் மாமாவை அழைத்து வந்தோம். சாவுக்கு அடிக்கிற அடியை அடியுங்கள் மாமா என்றேன்.

அவர் தப்பைக் கீழே வைத்துவிட்டார். “சாவு விழாத எடத்துல சாவடி அடிக்கக் கூடாது தாயி. அடிச்சா ஒரு சாவக் கேக்கும். எனக்கு இன்னொரு அடிதான் தெரியும். அத வேணா அடிக்கிறேன்” என்றார்.

அவருக்குத் தெரிந்த அந்த இன்னொரு அடி எது? விடியும் முன்னே நம்மைப் பாயிலிருந்து பிடுங்கி எடுக்குமே, அது. குளிரானாலும் காய்ச்சலானாலும் குழந்தை அழுதாலும் குடத்தில் தண்ணீர் இல்லாவிட்டாலும் வா வா என்று இழுக்குமே, அது. பெரட்டுத் தப்பு!

ஞாயிற்றுக்கிழமை மாலை அது. பனி இறங்கி மலையை மூடிவிட்டது. ஆளில்லாத பெரட்டுக் களத்தில் மாமா அடிக்கத் தொடங்கினார். நான் முகத்தில் மாவு பூசி, முடியை விரித்து, வெறும் காலோடு நடந்தேன். திடீரென்று தெரேசா என் கையைப் பிடித்தாள். பனிக்குள்ளிருந்து உருவங்கள் வந்துகொண்டிருந்தன.

ஒன்றின்பின் ஒன்றாக வந்தன. காலடிச் சத்தம் இல்லை, பேச்சுச் சத்தம் இல்லை. முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கு, தலையில் கம்பளி. ஒருத்தியின் தலையில் பீலிக் குழாய்த் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தியின் கையில் சோற்றுப் பருக்கை காயாமல் இருந்தது. வந்தார்கள், வரிசையில் நின்றார்கள், எதிரே பார்த்தார்கள். எதிரே யார் இருந்தார்கள்? துரை இல்லை. கண்டாக்கு இல்லை. கணக்கப்பிள்ளை இல்லை. வெறும் பனியைப் பார்த்து நின்றார்கள், தாய்மார்களே. அது நீங்கள்தான்.

அழகன் மாமா பயந்துபோய் அடிப்பதை நிறுத்தினார். வரிசை அசையவில்லை. சூசைரட்ணம் அண்ணனின் விரல் பெட்டியின் மேல் அப்படியே இறுகிவிட்டது, பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. போகச் சொல்ல ஆள் இல்லாததால் நீங்கள் போகவில்லை. கடைசியில் நான்தான் அருகே வந்து, இன்று ஞாயிற்றுக்கிழமை, பெரட்டு இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னேன். மாவு பூசிய பேய் ஒன்று முன்னால் நிற்கிறது, உங்களில் ஒருத்தியும் அலறவில்லை. சம்பளம் வெட்டுவாங்களா என்று மட்டும் ஒருத்தர் கேட்டீர்கள். சிரிக்காதே தம்பி, கேட்டது உன் அம்மாவாக இருக்கலாம்.

கொழும்பிலிருந்து கழுவி வந்த சுருளை ஸ்டூடியோச் சுவரில் ஓட்டிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு உண்மையில் குளிரெடுத்தது. நெருக்கியடித்து நிற்கும் அந்த வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஓர் ஆள் நிற்கும் இடம். இந்தப் பக்கம் ராக்காயி அத்தை, அந்தப் பக்கம் சண்முகவடிவு அக்கா, நடுவே ஒருவரும் இல்லை. பனி அந்த இடைவெளியால் மட்டும் மெல்ல மெல்லப் புகுந்து வந்தது. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அந்த இடம் அப்படியே இருந்தது.

அது யாருடைய இடம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ராக்காயி அத்தையிடம் போய், ஏன் அத்தை இடம் விட்டு நின்றீர்கள் என்று கேட்டேன். அத்தைக்கு முதலில் விளங்கவே இல்லை.

“விட்டமா? ஒட்டி நில்லுன்னு கண்டாக்கையா கத்துறாரு, ஒட்டித்தான் நிக்கிறோம். திரும்பிப் பாத்தா அந்த எடம் அப்பிடியே கெடக்கு. வீரம்மா நின்ன எடம்டி அது. கால் போவ மாட்டேங்குது” என்றார்.

என் அம்மாவுக்காக அழுத என் கண், அன்று அழவில்லை. அந்த இடம் செத்தவளுக்காகக் கிடக்கவில்லை என்று எனக்குப் பட்டது. அவளைப் போலவே உயரமுள்ள ஒருத்திக்காக அது வாய் திறந்து கிடந்தது. திங்கட்கிழமைக்காகக் கிடந்தது. என்னைப் பேயாக நிறுத்த மாவும் சேலையும் வேண்டாம், அந்த இடமே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. என் பள்ளித் தோழர்களே! கடலையை மென்றது போதும், கேளுங்கள். உங்கள் வீட்டு வரிசையில் உங்கள் உயரத்துக்கு ஓர் இடம் இல்லையா? எந்த நாட்டுக்காரர் நாம் என்று எந்த நாடும் இன்னும் சொல்லவில்லை; ஆனால் எந்த வரிசையில் நிற்பவர் என்று மட்டும் பிறக்கும்போதே சொல்லிவிட்டார்களே, இதைவிடத் திகில் கதை எந்தக் கொட்டகையில் ஓடுகிறது?

தலைவர் ஐயா பொல்லாதவர் அல்லர். தப்புச் சத்தத்துக்கு மந்தையாய் ஓடி வருகிறவர்கள் என்று வெளியார் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்களே என்ற மானம் அவருக்கு. அந்த மானம் எனக்கும் உண்டு, ஐயா. ஆனால் வெட்டிவிட்டால் என்ன மிஞ்சும்? என் முகத்து மாவும் ஒரு வெள்ளைச் சேலையும்தான். சொல்லுங்கள் தாய்மார்களே. நீங்கள் வெட்டு என்றால் இந்த மேடையிலேயே வெட்டுகிறேன்.

பின்னால் யாரோ எழுந்திருக்கிறார்கள். விளக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கள். ராக்காயி அத்தை. சொல்லுங்க அத்தை, சத்தமாகச் சொல்லுங்கள், எல்லாருக்கும் கேட்கட்டும்.

“படத்தப் போடுடி. எல்லாப் புள்ளைகளும் பாக்கட்டும். திங்கக்கெழம நீ பள்ளிக்கொடத்துக்குப் போ. கணக்கப்பிள்ளையையா கேட்டா ஒங்க வீட்டுக்காக எம் மருமவ பேரு பதிஞ்சிக்குவா, அவ வேல கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா. அந்த எடத்துல கால வைக்கிறதுக்கு இனிமே நாங்க பயப்படல. நாங்க ஒட்டி நின்னுக்கிறோம்.”

சபையோரே, இந்த மேசையைப் பாருங்கள்.

தலைவர் ஐயா கத்தரிக்கோலை எடுத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவருக்கு என் நன்றி. படம் பிடித்த அண்ணனுக்கும், சாவடி அடிக்க மறுத்த அழகன் மாமாவுக்கும், அழைக்காமலே வந்து நடித்துக் கொடுத்த தாய்மார்களுக்கும் நன்றி. அப்பா, கதவோரம் நிற்காதீர்கள், உள்ளே வந்து உட்காருங்கள். அம்மா நின்ற இடத்தை நீங்களும் பார்க்க வேண்டும், திங்கட்கிழமை முதல் அது இருக்காது. எல்லாருக்கும் என் வணக்கம். விளக்கை அணையுங்கள்.